நாற்பதாயிரம் கண்மணிகள்

“மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள நாப்பதாயிரம் பேரைப் பெத்துப்போட்டு, அத்தனை பேரையும் தடயமே இல்லாம தொடைச்சும் போட்டவடி நான். தினசரி! தீபாவளிக்குக்கூட லீவு கிடையாது.”

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில், மீ கோரெங் நூடுல்ஸ் தட்டுக்கு மேலே முள்கரண்டியைச் செங்கோல் மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வசந்தகுமாரி இப்படி அறிவித்தபோது, எதிரில் இருந்த கண்மணி தலைகூட நிமிரவில்லை. தோசையைப் பிய்த்துச் சட்னியில் முக்கினாள்.

“போன வாரம் முப்பதாயிரம்னே.”

“அது போன வாரம்.”

இருவருக்கும் அறுபத்து நான்கு வயது. அதில் ஐம்பத்தேழு வருடம் சிநேகிதம். வசந்தகுமாரி வாயைத் திறந்தால் எலி யானையாகும், யானை விமானமாகும், விமானம் கிளமெண்டியில் அவள் வீட்டு மொட்டைமாடியில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போகும். அவள் அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி ஒருநாள் பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கதையை அவள் சொல்லி முடிப்பதற்குள், உள்ளே மாட்டிக்கொண்ட ஏழு பேரில் இரண்டு பேருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஒருவருக்குப் பேரன் பிறந்திருந்தான். கண்மணி நேர் எதிர். சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையில் முப்பத்தொரு வருடம் தராசுக்குப் பின்னால் நின்றவள். மூக்குத்தியில் ஒட்டிய மஞ்சள் துணுக்கைச் சுரண்டி எறிந்துவிட்டுத்தான் எடையே சொல்வாள். செவ்வாய்க்கிழமைதோறும் ஒருத்தி பெருக்குவாள், மற்றவள் நிறுப்பாள். அப்படித்தான் அவர்கள் காலம் ஓடியது.

மேசைக்கு தே தாரிக் தேநீர் கொண்டுவந்த கடைக்காரர் சாகுல் ஹமீது கேட்டார். “நாப்பதாயிரம் பேரை எங்கக்கா பொதைச்சீங்க?”

“பொதைச்சா எலும்பு கெடக்குமே பாய்! இந்த மேசையப் பாருங்க. ஒருத்தர் உக்கார்றதுக்கு முன்னால தொடைச்சு, நாற்காலி போட்டு வைக்கணும். தின்னுட்டு எந்திரிச்சா தட்டைக் கொண்டுபோய் அடுக்கிட்டு மறுபடி தொடைக்கணும். இல்லாட்டி அடுத்து வர்றவனுக்கு வயித்து வலின்னா, அவன் தின்னதாலயா, முந்தினவன் மிச்சத்தாலயான்னு எப்படிச் சொல்றது?”

கம்ப்யூட்டர் சோதனையும் அப்படியேதானாம். வசந்தகுமாரி வேலை பார்த்தது பூன் லே பக்கம் ஒரு கம்பெனியில். கிளினிக்குகளில் நோயாளிகளுக்கு நேரம் குறிக்கிற மென்பொருள் அவர்களுடையது. அது சரியாக ஓடுகிறதா என்று ஆயிரக்கணக்கான சோதனைகள் தாமாகவே ஓடும். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் ஒரு பொய்யான நோயாளியை உண்டாக்க வேண்டும். முடிந்ததும் துடைக்க வேண்டும்.

“ஆளாளுக்குத் தனித்தனியா எழுதிக்கிட்டுக் கெடந்தானுங்க. நான் ஒரே ஒரு எடுபிடி எழுதினேன் பாய். எந்தச் சோதனை கூப்பிட்டாலும் ஓடி வரும். ஆளைக் கொண்டாந்து நிறுத்தும், வேலை முடிஞ்சதும் தொடைச்சிட்டுப் போகும். கம்பெனி மொத்தமும் அது தோள்லதான் உக்காந்திருந்துச்சு. நான் இல்லாட்டி சிங்கப்பூர்ல ஒருத்தருக்கும் பல்லு புடுங்க நேரம் கெடைச்சிருக்காது.”

“மேசை தொடைச்சதுக்கா இவ்ளோ அலப்பறை?” என்றாள் கண்மணி. சாகுல் ஹமீது சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இது நடந்தது ஜனவரியில். அந்த மாதம்தான் கண்மணியின் இடது கண்ணில் புரை விழுந்திருப்பது தெரிந்தது.

ஒரு தனியார் கண் கிளினிக்குக்கு ஃபோன் போட்டு நேரம் வாங்கினாள். குறித்த நாளில் போனாள். முகப்பில் இருந்த ருக்சார் என்ற பெண் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, “உங்க பேரே இல்லையே ஆண்ட்டி,” என்றாள். சரி, ஃபோனில் யாரோ தவறவிட்டிருப்பார்கள். மறுபடியும் ஃபோன் போட்டாள், மறுபடியும் போனாள். மறுபடியும் பேர் இல்லை. மூன்றாம் தடவை ஃபோனை நம்பாமல் நேரிலேயே போய் நின்றாள். ருக்சார் அவள் கண்ணெதிரே பேரைத் தட்டினாள், பிறந்த தேதியைத் தட்டினாள். திரையில் கண்மணி என்று விழுந்ததைக் கண்மணி பார்த்தாள். ஒரு துண்டுக் காகிதம் கேட்டாள். “காகிதம்லாம் இல்ல ஆண்ட்டி, எல்லாம் சிஸ்டத்துல இருக்கு.” வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டாள்.

அந்த நாள் வந்தபோது மகள் யாமினியும் கூட வந்தாள். யாமினி ஒரு தொடக்கப்பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. அவள் குனிந்தால் எதிரில் நிற்பவர் தாமாகவே ஏழு வயதுக்கு இறங்கிவிடுவார். முகப்பில் அன்றைக்கு வேறொரு பெண் இருந்தாள். திரையில் கண்மணியின் நேரம் இல்லை. நேரம் மட்டுமா இல்லை? அப்படியொருத்தி பிறந்து, வளர்ந்து, இந்தக் கிளினிக்கின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்ததற்கான அடையாளமே இல்லை. ருக்சாரை உள்ளேயிருந்து கூப்பிட்டுக் கேட்டார்கள். “ஒரு நாளைக்கு நூறு பேரப் பதியிறேன், எப்படி ஞாபகம் இருக்கும்?” என்று அவள் பாவமாகக் கையை விரித்தாள்.

“நாட்காட்டியில வட்டம் போட்டிருக்கேனே,” என்றாள் கண்மணி.

“வட்டம் போட்டது நீங்கதானம்மா,” என்றாள் யாமினி. குனிந்து, மிருதுவாக.

அந்த மிருதுதான் கத்தி. அன்று மாலையே ஈசூன் வீட்டில் அடுப்பின் திருகிகள் கழன்று யாமினியின் கைப்பைக்குள் போயின. கண்மணியின் பையில் ஓர் அட்டை முளைத்தது: ‘என் பெயர் கண்மணி. நான் வழி தெரியாமல் நின்றால் இந்த எண்ணை அழையுங்கள்.’ அடுத்த வெள்ளிக்கிழமை நினைவாற்றல் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் பகல் பராமரிப்பு நிலையம். அதன் கையேட்டில் வயதானவர்கள் வட்டமாக உட்கார்ந்து பலூன் தட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு, ஒரே அளவுச் சிரிப்பு.

கண்மணி அன்றிரவு கண்மூடிப் படுத்துக்கொண்டு பழைய வாடிக்கையாளர்களின் தாலிக்கொடிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். எல்லாம் மில்லிகிராம் பிசகாமல் வந்தன. ஆனால் தராசே கோளாறாகிவிட்டால், சரியாக நிறுத்தோம் என்று சொல்வதும் அந்தத் தராசுதானே?

செவ்வாய்க்கிழமை யாமினியின் காவலோடு தேக்காவுக்குப் போனாள். மகள் தே வாங்கப் போன நேரத்தில், எல்லாவற்றையும் வசந்தகுமாரியிடம் கொட்டினாள்.

“அட, இவ்வளவுதானா? நான் போன வருஷம் என் கல்யாண நாளையே மறந்துட்டு, வாழ்த்து சொன்னவனைப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கப் பார்த்தேன்,” என்று வசந்தகுமாரி ஆரம்பித்தாள். பிறகு முள்கரண்டி பாதியில் நின்றது. “ஏண்டி, அந்தத் திரையில மேல ஓரத்துல எங்க கம்பெனி முத்திரை, பச்சைக் குடை ஒண்ணு இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“பேரு, பிறந்த தேதி ரெண்டையும் குடுத்தியா?”

“குடுக்காம? எல்லாத்தையும்தான் குடுத்தேன்.”

வசந்தகுமாரி ஒரு முழு நிமிடம் பேசவில்லை. இரண்டு நிமிடமும் ஆயிற்று. இப்படியொன்று சரித்திரத்தில் நடந்ததே இல்லை என்பதால் சாகுல் ஹமீது பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். யாமினியும் வந்து உட்கார்ந்தாள்.

“நான் பெத்துத் தொடைச்சேன்னேன்ல,” என்றாள் வசந்தகுமாரி. குரல் சுண்டைக்காயாகச் சுருங்கியிருந்தது. “அது நாப்பதாயிரம் பேர் இல்லடி. ஒரே ஆளுதான், நாப்பதாயிரம் தடவை. அது நீ.”

பதினெட்டு வருடத்துக்கு முன் அந்த எடுபிடியை எழுதியபோது, பொய் நோயாளிக்கு ஒரு முழு ஆளின் விவரம் வேண்டியிருந்தது. பேர், பிறந்த தேதி, புளோக், வீட்டு எண், ஒவ்வாமை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது எல்லாமே. பள்ளிக்கூடத்திலிருந்து இருவரும் ஒருத்தி படிவத்தை மற்றவள் நிரப்பியே பழக்கம். கண்மணியின் கையெழுத்து கோழி கிளறியது போல, வசந்தகுமாரியுடையது முத்து போல. அதனால் தன் விவரத்தைவிடக் கண்மணியின் விவரம் அவள் விரலுக்கு மனப்பாடம். யோசிக்கவே இல்லை, விரல் தட்டிவிட்டது. அடையாள அட்டை எண் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுப் பொய். அதை வைத்துத் தேட முடியாது என்பதால், பேரும் பிறந்த தேதியும் பொருந்துகிற எல்லோரையும் துடைத்துவிடு என்று எழுதி வைத்தாள். பாதியில் செத்த சோதனைகளின் மிச்சம் மீதியும் சேர்ந்து போகட்டும் என்று.

“அது சோதனைக் கூடத்துல மட்டும்தான்டி ஓடணும். நிஜக் கிளினிக்கா இருந்தா கையக் கட்டிக்கிட்டு நில்லுன்னு ஒரு வரி போட்டிருந்தேன். அந்த வரிய எவனோ எடுத்திருக்கணும். இப்ப காலையில அது நிஜத்துல ஓடுது. ஒரு கண்மணிய உண்டாக்கும், எல்லாம் வேலை செய்யுதான்னு பார்க்கும், அப்புறம் கண்மணின்னு இருக்கிறதையெல்லாம் தொடைச்சிடும். உன்னையும் சேர்த்து.”

கண்மணி தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்கிட்ட கேட்டியா?”

“வெளையாட்டா செஞ்சதுடி...”

“ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுமா?”

வசந்தகுமாரி பொய் சொல்லியிருக்கலாம். வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் உதவியிருக்கக்கூடிய இடம் அது. ஆனால் சனியன், உண்மை வந்து விழுந்தது. “ம். வேலை முடிஞ்சா ‘கண்மணியத் தொடைச்சாச்சா’ன்னுதான் கேட்டுக்குவோம்.”

“என் வீட்டுக்காரரு செத்த அன்னிக்கு? நீ என் பக்கத்துல உக்காந்து என் கையப் புடிச்சிக்கிட்டு இருந்தியே. அன்னிக்கும் ஓடுச்சா?”

“அது தானா ஓடுறதுடி.”

“ஓடுச்சா?”

“ஓடுச்சு.”

கண்மணி எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டுபோய் அடுக்கில் வைத்தாள். திரும்பி வந்து நின்றபடியே சொன்னாள். “இதெல்லாம் உன் மின்தூக்கிக் கதை. எனக்கு மறதிதான் வந்திருக்கு. யாமினி, வா போவோம்.”

ஆனால் யாமினி எழவில்லை. துணைத் தலைமையாசிரியை மூளை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. “ஆண்ட்டி, அந்த வரிய எடுத்தது யாரு?”

வசந்தகுமாரி சுரேந்தருக்கு ஃபோன் போட்டாள். ஆபீஸில் அவள் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன், நாற்பது வயதுக்காரன். அவள் விடைபெற்ற நாளில் வாயில் கேக்கோடு, ‘அந்த வரிய என் உசிரு இருக்கிற வரைக்கும் தொட மாட்டேன் ஆண்ட்டி’ என்று சொன்னவன். அந்தச் சத்தியத்தை அவள் இந்த மேசையில் பத்து தடவையாவது கண்ணீர் மல்கச் சொல்லியிருக்கிறாள். ஃபோனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“ஓ, அந்த வரியா? எடுத்துட்டோம் லா. நிஜ சிஸ்டத்தையும் தினம் காலையில ஆறு மணிக்கு செக் பண்ணணும்ல, அது வழிய மறிச்சுக்கிட்டே இருந்துச்சு,” என்றான் சுரேந்தர், ஏதோ வாசலில் கிடந்த செருப்பைத் தள்ளி வைத்த மாதிரி.

“எடுக்க மாட்டேன்னு சொன்னியேப்பா.”

“ஆண்ட்டி, நீங்க போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அப்புறம், ஆளைத் துடைக்கிற புரோகிராம் உங்களோடது. ஏதாவது தப்புன்னா ரெக்கார்டுல உங்க பேருதான் வரும், சொல்லிட்டேன். ஆனா தப்பு ஒண்ணும் இல்ல. வயசானவங்க, மறந்திருப்பாங்க. இத்தனை ஆயிரம் பேஷண்ட்ல ஒருத்தர்கூட புகார் சொல்லல தெரியுமா?”

இத்தனை ஆயிரம் பேரில் அந்தப் பேரும் அந்தத் தேதியும் ஒருத்திக்குத்தானே இருக்கிறது!

வசந்தகுமாரி ஃபோனை அணைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கண்மணிக்கு அதைப் பார்க்க ஒரு துளிகூட இரக்கம் வரவில்லை. அழட்டும். நம்பினவன் முதுகில் குத்தினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியட்டும். ‘அவளுக்கும்’ என்று நினைத்த உடனே கண்மணி அந்த நினைப்பை அவசரமாக மூடிவைத்தாள். தனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லையே. தனக்கு வெறும் மறதிதானே.

அன்று சாயங்காலம் யாமினி தன் ஃபோனிலேயே கிளினிக்கின் பக்கத்தைத் திறந்து அம்மாவுக்கு நேரம் பதிந்தாள். பேரையும் பிறந்த தேதியையும் போட்டுத் தேடினாள். ஒரு கண்மணி வந்தாள். மறுநாள் காலை ஐந்தரைக்கெல்லாம் வசந்தகுமாரி கிளமெண்டியிலிருந்து டாக்சி பிடித்து வந்து ஈசூன் வீட்டு வாசலில் நின்றாள். தலை வாராமல், முதல் தடவையாக ஒரு கதையும் இல்லாமல். யாமினி உள்ளே விட்டாள். கண்மணி கோப்பி கொடுக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் ஃபோனைச் சாய்த்து நிறுத்தினார்கள். யாமினி இன்னொரு ஃபோனில் படம் பிடித்தாள். ஐந்து ஐம்பத்தொன்பது வரை ஒரு கண்மணி. சரியாக ஆறு மணிக்கு யாமினி மறுபடி தேடினாள். இரண்டு கண்மணிகள். ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே பேர், ஒரே பிறந்த தேதி, ஒரே புளோக், ஒரே கதவு எண். இரண்டாமவளுக்கு இறால் ஒவ்வாமை என்றுகூடச் சரியாகப் போட்டிருந்தது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் என்ற இடத்தில் வசந்தகுமாரி என்று இருந்தது.

யாமினி இன்னொரு தடவை தட்டினாள். பதிவு எதுவும் இல்லை.

“அம்மா!” என்று யாமினி வாயைப் பொத்திக்கொண்டாள். “அம்மா, பாத்தீங்களா? பாத்தீங்களாம்மா?”

“எனக்குப் புரை,” என்றாள் கண்மணி. “ஒண்ணும் தெரியல.”

இடது கண்ணில்தான் புரை. வலது கண் முப்பத்தொரு வருடம் தராசு முள்ளைப் படித்த கண். அது எல்லாவற்றையும் பார்த்தது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆளின் பேரையும் சேர்த்து. ஆனால் மறதி என்றால் அதில் யார் மேலும் குற்றமில்லை. தலைக்குள் ஒரு விளக்கு அணைகிறது, அவ்வளவுதான். இது அப்படியா? இது நடந்தது என்று ஒப்புக்கொண்டால், பதினெட்டு வருடம் செவ்வாய்க்கிழமைதோறும் எதிரில் உட்கார்ந்து தன் தட்டிலிருந்து வடையைக் கிள்ளித் தின்றவள், திங்கள் முதல் ஞாயிறு வரை தன்னைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிடப் பலூன் தட்டலாம்.

“கண்மணி,” என்றாள் வசந்தகுமாரி.

“யாமினி, அவங்களுக்கு டாக்சி கூப்பிட்டு விடு,” என்றாள் கண்மணி.

அந்தப் படத்தை யாமினி சுரேந்தருக்கு அனுப்பினாள். எட்டு மணிக்கு அவன் கூப்பிட்டபோது அவன் குரலில் அந்த அலட்சிய ‘லா’வைக் காணோம். மத்தியானத்துக்குள் அந்த வரி பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. யாமினி மறுபடியும் நேரம் பதிந்தாள். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கும் ஒரு கண்மணி இருந்தாள். ஆறு ஐந்துக்கும் இருந்தாள். வெள்ளிக்கிழமைப் பரிசோதனையை யாமினி ரத்து செய்தாள், கையேட்டைக் கிழித்துப் போட்டாள், அடுப்புத் திருகிகளைக் கொண்டுவந்து மாட்டினாள். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. ஆனால் மூன்று நாள் பாத்திரத்தை அவளே கழுவினாள், அதுவும் கேட்காமல். கண்மணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அந்தப் பையன்கிட்ட ஒரு வெவரம் கேட்டுச் சொல்லு. நிஜமா ஒரு நாளைக்கு எத்தனை?”

இரண்டு வாரத்தில் கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வசந்தகுமாரி தினமும் ஃபோன் போட்டாள், கண்மணி எடுக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பிய பழக்கூடையை எதிர்வீட்டு மருதப்பனுக்குக் கொடுத்துவிட்டாள். நான்கு செவ்வாய்க்கிழமைகள் போயின.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை தனியாக எம்.ஆர்.டி. ரயில் ஏறினாள். பெயர்ப்பலகைகளெல்லாம் கழுவி வைத்தது மாதிரி இருந்தன. சமாதானம் பேசத்தான் போகிறோமா, சண்டை போடவா என்று அவளுக்கே நிச்சயமில்லை. தேக்காவில் வசந்தகுமாரி முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் மீ கோரெங் இல்லை, வெறும் தே. சாகுல் ஹமீது மேசையைத் துடைத்துக்கொண்டே விசாரித்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, அந்த அக்காவ ஆளையே காணோம்? நீங்க அவங்களத்தான் அத்தனை தடவை தொடைச்சீங்கன்னு அவங்க மக சொன்னாங்களே. நெசமா?”

“அதெல்லாம் சும்மா பாய்,” என்றாள் வசந்தகுமாரி. “நம்ம வாய்தான் தெரியுமே. ஏதோ பத்து தடவை, இருபது தடவை இருக்கும். பெருசா ஒண்ணும் இல்ல.”

கண்மணிக்குக் காது மடல் சுட்டது. ஒரு கொசுவைச் சொன்னாலும் அதற்குத் தும்பிக்கை வைத்துச் சொல்கிறவள் இவள். மின்தூக்கிக்குள் வம்சம் வளர்த்தவள். பிறந்ததிலிருந்து எதையும் குறைத்துச் சொல்லாத வாய், குறைக்க வேண்டும் என்று ஒன்றைத் தேடிப் பிடித்தது, கண்மணிக்குச் செய்ததையா? பதினெட்டு வருடத்தை இருபது தடவையாக இளைக்க வைத்துவிட்டு, தேயையும் குடிப்பாளா?

கண்மணி எதிர் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்து மேசை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வசந்தகுமாரி திரும்பினாள்.

“பாய், எனக்கு ஒரு தே. அவங்க பில்லுல போடாதீங்க,” என்றாள் கண்மணி. “அப்புறம், அவ சொல்றத நம்பாதீங்க. பத்தும் இல்ல, இருபதும் இல்ல.”

“கண்மணி, நான் வந்து...”

“நீ சும்மா இரு. கேட்டு வாங்கி வச்சிருக்கேன்.” கைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். கண்ணாடி போடாமலே படித்தாள், தராசு முள்ளைப் படிக்கிற குரலில். “நாப்பத்தோராயிரத்து முந்நூத்தி ரெண்டு. ஒரு நாளைக்கு. பதினெட்டு வருஷம். அத்தனையும் நான்தான், பாய். என் பேரு, என் பொறந்த நாளு, என் வீட்டுக் கதவு. நடந்துச்சு.”